எக்ஸ்பிரஸ் நின்ற இடம்

எங்கள் அக்காவுக்கு நிற்கத் தெரியாது. சமையலறையில் ஒரு கால், வாசலில் ஒரு கால். நாம் ஒரு பேச்சைத் தொடங்கினால் அவளே அதை முடித்து, பதிலும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேன் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அதற்கு முன்னால் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலையை உதறிவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் பழைய வேனோடு வந்து நின்றாள். நாங்கள் வாயைப் பிளந்தோம். மாமா, அதாவது அவள் புருஷன், சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். அந்த வீட்டில் பேச அவருக்கு இடைவெளியும் கிடைக்காது.

வேனில் ஒரே ஒரு சட்டம்தான். நடுவில் வண்டி நிற்காது. ஒரு பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்று இறங்கினால் இன்னொன்றுக்கும் வரும். அதற்குள் பள்ளிக்கூடக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். திட்டு அவளுக்கு விழும். அதனால் பிள்ளைகள் ஏறும்போதே கத்துவாள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி யாரும் தண்ணி குடிக்கக் கூடாது. வந்தா அடக்கிக்கோங்க. எக்ஸ்பிரஸ் நிக்காது!"

பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரைகூட இன்ஜினை அணைக்கமாட்டாள். இந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் அவள் மகள். எட்டு வயது. பொடிசாக இருப்பதால் கடுகு என்று கூப்பிடுவோம். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். "எம் பொண்ணப் பாரு, ஒரு தொந்தரவு கிடையாது" என்று அக்கா பீற்றிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒரு பெருமையா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "நீ ஒரு புள்ளயப் பெத்து வளத்துட்டு வந்து பேசு" என்றாள்.

கொரோனா அந்த வீட்டுக்கும் வந்தது. அக்காவுக்கு இருமலோடு போயிற்று. மாமாவுக்கு அதுவும் இல்லை. கடுகுக்குத்தான் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வாந்தி, பேதி. கொடுத்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பிறகு முகம் லேசாக ஊதத் தொடங்கியது. அன்றைக்குத்தான் மாமா சத்தம் போட்டார்.

"நேத்துலேருந்து புள்ள ஒண்ணுக்கே போகல. கவனிச்சியா நீ?"

அக்கா கவனிக்கவில்லை. போகாமல் இருப்பது அந்த வீட்டில் நல்ல பழக்கம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கொரோனான்னா நுரையீரல்தான்னு நெனைக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வர்ற சில குழந்தைங்களுக்குச் சிறுநீரகமும் அடி வாங்குது. இவளுக்கு அப்படி ஆயிருக்கு."

கூட ஒருவர்தான் இருக்கலாம், உள்ளே போனால் வெளியே வரக் கூடாது என்றார்கள். அக்கா போனாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திறக்க முடியாத ஜன்னல், கண்ணாடி பதித்த கதவு. அதற்குள் எங்கள் அக்கா.

நொடிக்கொரு தடவை போன் செய்தாள். "நடந்து நடந்து இந்தத் தரையே தேஞ்சிடும்டி" என்பாள். பேசும்போது பின்னால் கிளுக் கிளுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். வேன் சாவி. பழக்க தோஷத்தில் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். "அந்தச் சாவிய உள்ள வைங்கம்மா, எனக்கே படபடன்னு வருது" என்று நர்ஸ் சொல்வதும் கேட்கும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. மறுபடி கிளுக் கிளுக்.

முதலில் டிரிப் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றியது ஏறியதுதான், வெளியே வரவில்லை. உடம்பில் நீர் தங்குகிறது, இனி அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடுகு தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்சினாள். மருந்து மூடியளவு தண்ணீரை நர்ஸ் அவள் உதட்டில் விடுவார்.

"இத்தன வருஷமா குடிக்காத, குடிக்காதன்னேன்" என்றாள் அக்கா போனில். "இப்ப ஒரு குடம் குடுக்கணும் போல இருக்கு. குடுக்கக் கூடாதாம். யாருகிட்டடி போய் அழுவேன்?"

அடுத்த நாள் நர்ஸ் அளவு ஜாடியைக் கட்டிலருகே கொண்டுவந்து, "பாப்பா, கொஞ்சமாவது வருதா பாரு" என்றிருக்கிறார். காய்ச்சல் மயக்கத்தில் இருந்த கடுகு கண்ணைத் திறக்காமலே, "நான் அடக்கிக்கிறேம்மா. நீ வண்டிய நிறுத்தாத" என்றாளாம்.

அக்கா துள்ளி எழுந்திருக்கிறாள். டாக்டரம்மா உள்ளே வந்ததும் வராததுமாக, "டாக்டர், அவ அடக்கி வச்சிருக்கா! நான்தான் அப்படிப் பழக்கினேன். நான் சொன்னாப் போயிடுவா!" என்று கத்தினாள். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். அடக்கி வைத்திருப்பது என்றால் அவளே சரிசெய்துவிடலாமே.

டாக்டரம்மா கடுகின் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். "சிறுநீர்ப்பை காலியா இருக்கும்மா. அடக்குறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

"நான் தண்ணி குடிக்க விடாததுனாலயா?"

"அது நல்ல பழக்கம் இல்ல. ஆனா இது அதனால வரல. தொற்று ஒரு பக்கம், வாந்தி பேதியில உடம்பு வத்திப்போனது ஒரு பக்கம். நாளைக்குக் காலையில மறுபடி ரத்தம் பாப்போம். ரத்தத்துல சேர்ந்திருக்கிற கழிவு இறங்கலேன்னா, ஒண்ணுக்கும் வரலேன்னா, டயாலிசிஸ் பண்ணியாகணும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"காத்திருக்கணும்."

அக்கா இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, "அவங்க இல்லேங்குறாங்க. என் மனசு கேக்கமாட்டேங்குதுடி" என்றாள். நான் அப்பவே சொன்னேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். பாவம், அந்த அறையில் ஓட இடமில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் நானும் மாமாவும் ஆஸ்பத்திரி வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம். போனை அவர் கையில் வைத்திருந்தார், நான் பிடுங்கினேன், அவர் பிடுங்கினார். மேலே நடந்ததை நர்ஸ் பிறகு சிரிப்பும் கோபமுமாகச் சொன்னார். திறக்கவே கூடாத கதவைத் திறந்துகொண்டு, இரண்டு கையிலும் ஜாடியை ஏந்தி, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அக்கா நடைவழியில் ஓடிவந்திருக்கிறாள். அடியில் கொஞ்சம், கறுத்த டீ நிறத்தில்.

"ஓடாதீங்கம்மா, கொட்டிடும்! அளக்கணும்!"

அக்கா அப்படியே நின்றுவிட்டாளாம். நர்ஸ் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து வாங்கும்வரை ஆடாமல் அசையாமல்.

ரத்தத்திலும் கழிவின் அளவு மேற்கொண்டு ஏறவில்லை. டயாலிசிஸை ஒருநாள் தள்ளிவைத்தார்கள், பிறகு தேவையே இல்லை என்றார்கள். கடுகு வீடு திரும்பினாள். இன்னும் கொஞ்ச காலத்துக்கு ரத்தமும் பிரஷரும் பார்க்கப் போய்வர வேண்டும்.

அவள் மறுபடி பள்ளிக்கூடம் போன முதல் நாள் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அக்கா எதையும் கத்தவில்லை. மெயின் ரோட்டில் நல்ல நெரிசல். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டியவள் சட்டென்று பிரேக்கை மிதித்தாள். திரும்பிப் பார்த்தேன். கடுகு முட்டியோடு முட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வருதாடி?"

"பரவால்லம்மா. அடக்கிக்கிறேன். கேட்டை மூடிடுவாங்க."

அக்கா வேனை ஒடித்துப் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தப் பார்த்தாள். வால் ரோட்டிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. தலையை வெளியே நீட்டினாள். "எம் பொண்ணு ஒண்ணுக்குப் போகணும். அவசரம்னா மேல பறந்து போங்க!" இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி என் மடியில் போட்டாள்.

எதிர்பார்த்தபடியே எல்லாப் பிள்ளைகளும் எனக்கும், எனக்கும் என்று இறங்கினார்கள். கடுகை முதலில் பங்க் கழிப்பறைக்குள் அனுப்பிவிட்டு, கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள் அக்கா.

"வருதா?"

"வருதும்மா!" உள்ளேயிருந்து கடுகு கத்தினாள். "நிறைய வருது!"

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஹாரன் இன்னும் ஓயவில்லை. அக்கா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். "மெதுவா போடி, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.