மைக்கூட்டில் ஐந்து பெயரும் ஒரு குழுவும்

1. ஈ

எங்கள் டைரக்டரின் மைக்குப்பியில் ஈ விழுந்தது ஒரு மே மாதக் காலையில். அவர் கவனிக்கவில்லை. பேனாவைத் தோய்த்தார், கோப்பில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் வாலில் ஒரு காலும் பாதி இறக்கையும் ஒட்டிக்கொண்டு அமைச்சகத்துக்குப் போயின. கோப்பு திரும்பி வந்தபோது அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, 'இது என்ன, விளக்கவும்' என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் காலத்தில் மைக்குப்பி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் கோப்புகளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஆனால் டைரக்டர் மல்ஹோத்ராவுக்குப் பச்சை மையில் எழுதும் அந்தஸ்து வெகு காலம் காத்திருந்து கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட அவருக்கு மனமில்லை. தொட்டு எழுதும் நிப் பேனா, கண்ணாடிக் குப்பி, பச்சை மை. குப்பியைத் திறப்பதும் மூடுவதும் பியூன் பான்சி லாலின் வேலை. பான்சி லால் டீ குடிக்கப் போனால் குப்பி திறந்தே கிடக்கும். தில்லி வெயிலில் மை குழம்பாகிவிடும். மேலே புழுதி. அன்றைக்கு ஈ.

நான் அந்த நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப்பில் டெக்னிக்கல் ஆபீசர். மத்திய அரசு நிறுவனம். பெயர் வேண்டாம், நான் பென்ஷன் வாங்குகிறவன். ஸ்பிரிங், கீல், தாழ்ப்பாள் போன்ற சிறிய சமாச்சாரங்கள் என் பிரிவு. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"லிங்கம்ஜி, மைக்குப்பிக்கு ஒரு டக்கன் வேணும். தானா மூடிக்கணும். பான்சி லால் லீவுல போனாலும் மூடணும். சமஜ் கயே?"

என் முழுப்பெயர் சங்கரலிங்கம். அதில் பின்பாதிதான் தில்லியில் புழங்கியது. அதுவும் பேச்சில் மட்டும். என் அறைக் கதவில் எனக்கு முன்னால் இருந்த பட்நாகர் என்பவரின் பெயர்ப்பலகைதான் தொங்கியது. அவர் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார். அவருடைய ஷ்ராத்தத்துக்கு அழைப்பு வந்ததே என் அறைக்குத்தான். பலகையை மாற்றச் சொல்லி நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். பெயர்ப்பலகைக்கு என்று தனி நிதித் தலைப்பு இல்லை என்று நான்கு முறையும் ஒரே பதில் வந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை பட்நாகர் சாப் என்றே அழைத்தார்கள். சில நாள் நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே டைரக்டர் மூடி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது மூடி அல்ல. அடிப்பலகையில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. அதில் ஒரே ஒரு பெயர். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. அதற்குள் இந்தக் கட்டடத்தில் ஏதாவது ஒரு பொருளில் என் பெயர் இருந்துவிட வேண்டும்.

2. மூன்று ஸ்பிரிங்

டைரக்டர் ஒரு கையால் கோப்பைப் பிடித்துக்கொள்வார். மறு கையால் பேனாவை எடுப்பார். மூடியைத் திறக்க மூன்றாவது கை கிடையாது. எனவே பேனாவே மூடியைத் திறக்க வேண்டும், பேனாவே மூட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஷீஷம் மரத்தில் அடிப்பலகை. இடது பக்கம் கண்ணாடிக் குப்பி, அதற்குக் கீல் வைத்த பித்தளை மூடி. வலது பக்கம் பேனா நிற்க ஒரு குழல். குழலின் அடியில் ஒரு சிறு தட்டு, தட்டுக்குக் கீழே ஒரு நெம்புகோல். பேனா குழலில் நிற்கும்வரை அதன் எடை தட்டை அழுத்தும், மூடி மூடியிருக்கும். பேனாவை எடுத்தால் தட்டு எழும்பும், மூடி திறக்கும். எழுதிவிட்டுப் பேனாவைத் திரும்ப வைத்தால், டிக். மூடிவிடும். திருகாணிகளைச் சேர்த்துப் பதினேழு பாகங்கள்.

முதல் ஸ்பிரிங் முரடு. மூடி தெறித்துத் திறந்து என் மூக்குக்கண்ணாடியில் பச்சைப் புள்ளி வைத்தது. வலது கண்ணில் ஆறு, இடது கண்ணில் இரண்டு. இரண்டாவது சோம்பேறி, மூடியைப் பாதிவரை தூக்கி நிறுத்திவிட்டு யோசித்தது. மூன்றாவது சரியாக வந்தது. பேனாவின் எடை போதாமல் அதற்கு ஒரு பித்தளை வளையம் மாட்டினேன்.

எங்கள் நிர்வாக அதிகாரி நடராஜன் என் ஊர்ப்பக்கம், திருநெல்வேலி ஜில்லா. என்னைவிடப் பதவியில் மூத்தவர் என்பதால் அண்ணாச்சி. பெயர்ப்பலகைக்கு நிதித் தலைப்பு இல்லை என்று நான்கு முறை எழுதியவரும் அவரே. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நான் இயக்கிக் காட்டியதை நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மூடி எப்ப மூடும்வே?"

"பேனாவைத் திரும்ப வச்ச உடனே, அண்ணாச்சி."

"திரும்ப வச்ச உடனே." அவர் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். "நம்ம ஆபீஸ்ல பேனாவ எடுத்த எடத்துல திரும்ப வச்சவன் எவன்வே? ரிசப்ஷன்ல சணல் போட்டுக் கெட்டி வச்சிருந்தோம். போய்ப் பாரும். சணல் இருக்கு."

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு எதிலும் ஒரு குறை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் போய்ப் பார்த்தேன். ரிசப்ஷனில் இரண்டு சணல், கேன்டீன் கூப்பன் மேஜையில் ஒன்று. மூன்று சணல், பேனா இல்லை. அதிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. என் பேனா வேறு, அதில் பித்தளை வளையம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3. தகடு

அந்த வருடம் ஒவ்வொரு பிரிவும் ஒரு புதுக் கண்டுபிடிப்பையாவது காட்ட வேண்டும் என்று மேலிருந்து சர்க்குலர் வந்திருந்தது. மற்ற பிரிவுகள் காட்டியவை எல்லாம் ஸ்லைடுகள். கையால் தொடக்கூடிய பொருள் என்னுடையது மட்டும். ஆண்டு விழாவுக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகவும், மேடையில் இந்த மைக்கூட்டைக் கொண்டே அவர் பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்திடுவார் என்றும் டைரக்டர் அறிவித்தார்.

அதன் பிறகு தகடு வளரத் தொடங்கியது.

டெபுடி டைரக்டர் சக்சேனா முதலில் வந்தார். டைரக்டரின் வழிகாட்டுதல் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டார். டைரக்டர் 'டக்கன்' என்று சொன்னது உண்மைதான். அவர் பெயர் முதல் வரியில் ஏறியது. ஒருங்கிணைப்புக்காக சக்சேனா இரண்டாவது வரி. பித்தளை வாங்கக் கையெழுத்திட்ட நிதி அதிகாரி மூன்றாவது. ஷீஷம் வாங்கிய கொள்முதல் அதிகாரி நான்காவது. மைக்கூட்டுக்குத் தூய ஹிந்தியில் ஒரு பெயர் சூட்டிய ராஜபாஷா அதிகாரி ஐந்தாவது. அவர் சூட்டிய பெயர் தகட்டைவிட நீளம் என்பதால் அது மட்டும் ஏறவில்லை.

எழுத்துப் பொறிக்கும் கடைக்காரர் இதற்கு மேல் ஒரு வரிதான் கொள்ளும், அதுவும் சின்னதாக என்றார். சக்சேனா என் தோளில் கை போட்டார். நான் எங்கே போய்விடப் போகிறேன், 'மற்றும் குழு' என்று போட்டால் அந்தக் குழுவில் முதல் ஆள் நான்தானே என்று ஆறுதல் சொன்னார். குழுவில் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டேன். அவர் ஜல்தி, அவசரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என் மனைவி கோமதியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ செஞ்சது யாருன்னு போட்டிருக்கு?"

"குழுன்னு."

"குழுன்னா யாரு?"

"நான்தான்."

அவள் ஒரு காயை முறுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "நல்ல வேளை. பட்நாகர்னு போடாம விட்டாங்களே."

4. குஞ்சம்

விழா மேடையில் ஏழு நாற்காலிகள், ஆறு பூங்கொத்துகள், ஒரு சால்வை. சிறப்பு விருந்தினரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேஜை. அதன்மேல் பார்வையாளர் புத்தகமும் என் மைக்கூடும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தகட்டில் இருந்தவர்களில் டைரக்டரும் சக்சேனாவும் மேடையில், மற்ற மூவர் முதல் வரிசையில்.

விருந்தினர் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை பந்த்கலா கோட்டில் வந்திருந்தார். பேனாவை எடுத்தார். மூடி மெல்ல, ஒரு துளிகூடத் தெறிக்காமல் திறந்தது. அரங்கம் கை தட்டியது. அவர் தோய்த்தார், எழுதினார், கையெழுத்திட்டார்.

பிறகு பேனாவைப் பக்கவாட்டில் நீட்டினார். பார்க்கவில்லை, நீட்ட மட்டும் செய்தார்.

தில்லியில் பெரிய பதவிக்காரர்கள் எதையும் கீழே வைப்பதில்லை. தண்ணீர்க் கோப்பையோ கண்ணாடியோ கோப்போ, காற்றில் நீட்டினால் போதும். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். முப்பது வருடத்துக்கு மேல் இதைத் தினமும் பார்த்தவன் நான். பதினேழு பாகங்களை வடிவமைத்தபோது இது ஒன்று நினைவுக்கு வரவில்லை.

அவருடைய பி.ஏ. பேனாவை வாங்கினார். பி.ஏ.விடமிருந்து சக்சேனா இரண்டு கைகளாலும் வாங்கினார். சக்சேனா டைரக்டரிடம் கொடுத்தார். டைரக்டரும் பார்க்காமல் பின்னால் நீட்டினார். பான்சி லால் வாங்கினார். இவ்வளவு பெரிய ஆள் தொட்ட பேனா ஆயிற்றே என்று கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய் டைரக்டர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். விருந்தினரைச் சேர்த்து ஐந்து பேர் கையில் இருந்த பேனா, குழலுக்கு மட்டும் வரவில்லை.

மூடி திறந்தே நின்றது. மூன்றாவது வரிசையிலிருந்து சக்சேனாவுக்கு மூடு, மூடு என்று கையை அசைத்தேன். நான் வாழ்த்துவதாக நினைத்து அவரும் கையை அசைத்தார்.

டைரக்டர் சால்வை போர்த்தினார். விருந்தினர் உட்கார்ந்தபோது சால்வையின் ஒரு முனை மேஜைமேல் விழுந்தது. முனையில் குஞ்சங்கள். நான்கு குஞ்சங்கள் குப்பிக்குள் இறங்கின. கம்பளி மையை எப்படிக் குடிக்கும் என்று பொறியியல் படித்த எனக்குத் தெரியும். டைரக்டரின் வரவேற்புரை எவ்வளவு நீளும் என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் பச்சை எதுவரை ஏறும் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டேன். சால்வையின் கரை, அதற்கு மேல் மாங்காய் வேலைப்பாடு, அதற்கும் மேல். கணக்கு சரியாகத்தான் வந்தது. பேச அழைத்தபோது விருந்தினர் எழுந்து, சால்வையை இழுத்து மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.

இடுப்பிலிருந்து காலர்வரை பச்சை. போட்டோக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள்.

5. யாருடைய டிசைன்

மறுநாள் டைரக்டர் அறையில் தகட்டின் ஐந்து பேரும் கூடினார்கள். கூடவே நடராஜன் அண்ணாச்சி, நான், மைக்கூடு. மைக்கூட்டில் தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் தெரிந்தன.

டைரக்டர் கேட்டார்: "யே கிஸ்கா டிசைன் ஹை?"

நிதி அதிகாரி தான் காகிதத்தை மட்டுமே பார்த்ததாகச் சொன்னார். கொள்முதல் அதிகாரி மரத்தோடு தன் பொறுப்பு முடிந்தது என்றார். தான் வைத்த பெயர் தகட்டிலேயே இடம்பெறவில்லை என்பதை ராஜபாஷா அதிகாரி நிம்மதியோடு சுட்டிக்காட்டினார். ஒருங்கிணைப்பு என்றால் போன் செய்வது மட்டும்தான் என்று சக்சேனா விளக்கினார். டைரக்டர் தன் பங்குக்கு, நான் டக்கன்தானே கேட்டேன் என்றார்.

அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார். "குழுன்னு சொல்லும்வே. குழுவுக்கு மெமோ குடுக்க ரூல் கெடையாது. தப்பிச்சிருவீரு."

அவர் சொன்னது சரி. ஓய்வு நெருங்கும் நேரத்தில் ஒரு மெமோ என்றால் என் பென்ஷன் கோப்பு எத்தனை மேஜைகளில் உட்கார்ந்து இளைப்பாறும் என்று மனம் எண்ண ஆரம்பித்தது. ஐந்தாவது மேஜையில் எண்ணுவதை நிறுத்தினேன். மேஜைமேல் இருந்த மைக்கூட்டின் அந்த இரண்டு துளைகளைப் பார்த்தேன்.

"என்னுடையது சார்," என்றேன். "முழுக்க என்னுடையது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் சாய்ந்தார்கள். சக்சேனா முதல்முறையாக என்னைக் கண்டுபிடிப்பாளர் என்று குறிப்பிட்டார்.

மெமோ தயாரானது. 'சங்கரலிங்கம் என்பவரால் மட்டுமே வடிவமைக்கப்பட்ட' என்று அதில் இரண்டு இடங்களில் இருந்தது. ஆனால் என் கைக்கு வந்து சேரவில்லை. தபால் பிரிவுக்குப் புதிதாக வந்த பியூன் ஒர்க்‌ஷாப் வராந்தாவில் எல்லாக் கதவுகளையும் படித்துவிட்டு, அந்தப் பெயரில் இங்கு அறை இல்லை என்று எழுதித் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். ஒழுங்கு நடவடிக்கை மெமோவை உரியவரின் அறையில் நேரில் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்பது விதி. நான்கு முறை கிடைக்காத நிதித் தலைப்பு அன்று மதியமே கிடைத்தது. பித்தளை மட்டும் கையிருப்பில் இல்லை. அண்ணாச்சி சக்சேனாவின் மேஜை டிராயரிலிருந்து மைக்கூட்டுத் தகட்டை வாங்கி, திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பக்கத்தில் என் முழுப்பெயரைப் பொறிக்கச் செய்தார். பட்நாகர் இறங்கினார். நான் ஏறினேன்.

பிறகு பியூன் வந்தார். கதவைப் படித்தார், உள்ளே வந்து மெமோவை நீட்டினார், தன் பேனாவையும் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். அவர் போகாமல் நின்றார்.

"என்னப்பா?"

"சாப், மேரா பென்."

பார்த்தால் அவருடைய பேனா என் சட்டைப் பையில் இருந்தது.

மெமோவை வீட்டில் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். பென்ஷன் என்ன ஆகும் என்று கேட்டாள். தாமதமாகும் என்றேன். தாமதமாகத்தான் வந்தது. ஓய்வு பெற்ற நாளில் கதவுத் தகட்டைக் கழற்ற ஸ்குரூடிரைவரோடு போனேன். அண்ணாச்சி தடுக்கவில்லை, ஒரு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இன்று அது எங்கள் வாடகை வீட்டு வாசலில் இருக்கிறது. கோமதி வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறாள், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தில் ஐந்து பெயர்களும் ஒரு குழுவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு பொருளைச் செய்யும்போது அதன் பாகங்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அது எத்தனை கைகளுக்குப் போகும், அந்தக் கைகள் அதை எங்கே விடும் என்பதையும் எண்ணுங்கள். பெயரைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். மை ஏறக் கூடாத இடத்தில் ஏறிவிட்டால், அது தானாக வந்து சேரும்.