செல்லபாய் காதால் கேட்ட பாடம்

நாகர்கோவில் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அஜிதாவுக்கு, 2016-இல் தொலைதூரப் பட்டப்படிப்புக்கு இணையவழியில் அறிவியல் பாடம் தயாரிக்கும் வேலை வந்தது. கைக்குழந்தைக்காரிகள், கடலுக்குப் போகிறவர்கள், தோட்டத் தொழிலாளிகள் என்று பலரும் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் ஏது? அடுக்களைச் சாமான் போதும் என்று நினைத்தாள். கேமராவுக்கு முன்னால் சமையல் சோடாவையும் வினிகரையும் தூக்கிக் காட்டி, "இந்த வெள்ளைப் பொடியில இந்த ஆசிட்டை ஊத்துங்க" என்றாள். பொருள்களின் பெயர்கள் திரையில் எழுத்தாக மட்டும் ஓடின. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் செல்லபாய் போனில் கூப்பிட்டாள். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் பால் வெட்டுகிறவள். கேள்வி கேட்கக் கூச்சப்படாத மாணவி.

"டீச்சர், இங்க படம் ஓடாது. சத்தத்த மட்டும் போன்ல எறக்கி வச்சுக் கேட்டேன். கெணத்துல போடுத வெள்ளப் பொடி கெடக்கு. ரப்பர் பாலு உறைய ஆசிட்டு ஊத்துவோம்லா, அது போதுமா?"

அஜிதா உடனே தடுத்தாள். "வேண்டாம் செல்லபாய். அது பிளீச்சிங் பவுடராக்கும். ஆசிட்டு பட்டா விஷவாயு வரும். தொடப்பிடாது. கேக்குதா?"

மறுமுனையில் ஒரே இரைச்சல். "செரி டீச்சர், ஊத்திப் பாக்கேன்" என்பது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பத் திரும்ப அழைத்தாள், லைன் போகவில்லை. வேறு நம்பரும் தெரியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தக்கலை வழியாக விரட்டினாள். வானம் மூடி மழைக்கோள் கட்டி, ரப்பர் மரங்களுக்குள் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வீடு திறந்திருந்தது; ஆளில்லை. அடுக்களையிலிருந்து வந்த நெடி தொண்டையைப் பிடித்தது.

"ஆசுத்திரிக்குக் கொண்டு போயாச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லபாயின் கணவன் ராஜையன் நின்றிருந்தான். "டீச்சர் சொல்லிக் குடுத்ததுன்னுதான் செய்தா" என்றான்.

செல்லபாய் பிழைத்தாள். ஆனால் நெஞ்சில் இரைப்பு தங்கிவிட்டது. மேட்டில் ஏறிப் பால் வெட்ட முடியாமல் போயிற்று.

அஜிதா தன் பாடங்கள் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 'இது', 'அது', 'இப்படி' என்று எத்தனை இடங்கள். பொருளின் பெயரையும் ஆபத்தையும் முதலில் வாயால் சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி பதிவுசெய்தாள். பழைய பதிவை நீக்கவும் வைத்தாள்.

ஆனால் நெட் கிடைக்காத ஊர்களில் அது போனிலிருந்து போனுக்கு ஏற்கெனவே கைமாறியிருந்தது. அழிக்கச் சொல்லி ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டாள். இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து லிஜின் என்ற மாணவன் பேசினான்.

"அழிச்சாச்சு டீச்சர். நான் குடுத்தவன் வேற ஆருக்கெல்லாம் குடுத்தான்னுதான் தெரியாது."