உறைக்குள் ஒரு லாடம்

சிம்மக்கல்லில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சிவனாண்டி, தன் கைக்கு மசியாத மோட்டார் மதுரையிலேயே கிடையாது என்று மார்தட்டிய ஆள். அந்த வாய் அடங்கி ஏழு மாதம் ஆகிறது. அவருடைய ஒரே மகன் ஜெயபாண்டி பைக்கோடு காணாமல் போனான். ஒத்தக்கடைக்கு அப்பால், தண்ணீர் தேங்கிக் கைவிட்ட கல்குவாரியின் சரிவில் டயர் தடமும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். அடி எட்டவில்லை என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பையனைத் திருப்பூரில் பார்த்ததாக எவனோ கிளப்பிவிட, மனைவி பாண்டீஸ்வரி அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சிவனாண்டி திருப்பூரை நம்பவில்லை. வண்டி கிடக்கும் இடம் தெரிந்தால் பிள்ளையை எடுத்து ஒரு பிடி மண்ணாவது போடலாம் என்று தவித்தார். செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு கருவி செய்தார். பாட்டில் நிறையத் தண்ணீர், அதைச் சுற்றி ஆயிரம் சுற்றுச் செம்புக் கம்பி, காதில் ஹெட்போன். கரண்டைக் கொடுத்து வெடுக்கென்று நிறுத்தினால் மெல்ல ரீங்கரிக்கும். தூரத்தில் பெரிய இரும்பு இருந்தால் சுருதி மாறும். ஒட்டியே இருந்தால் ஊமையாகிவிடும். வெட்டவெளிப் பொட்டலில் வைத்துப் பார்த்தபோது அது ரீங்கரித்தது. மனுஷன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பாறையில் உரசாமலிருக்கப் பாண்டீஸ்வரி அதற்கு ரெக்சின் உறை தைத்துக் கொடுத்தாள். ஞாயிறுதோறும் லாரி டியூபில் மிதந்தபடி குவாரியை அலசினார். கருவி வாயைத் திறக்கவில்லை. காவு வாங்கிய இடத்துக்குப் போகிறவர் மடியில் இரும்பு வைத்து அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். அப்படி அவள் செருகிய ஆணியை முதல் வாரமே எடுத்துப்போட்டு, இரும்பு ஏன் ஆகாதென்று விளக்கியிருந்தார். பெல்ட்டையும் சாவியையும்கூடக் கழற்றிவைத்தார். பேட்டரியைத் திட்டினார், குவாரித் தண்ணீரைத் திட்டினார். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது.

பொட்டலில் பேசியது இங்கே ஏன் பேசவில்லை? புதிதாக வந்தது உறை ஒன்றுதான். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்தார். உள்ளே ஒரு மாட்டு லாடம்.

காத்துக் கருப்புக்குப் பயந்து வைத்தாயா என்று கேட்டார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஒங்களுக்காக வைக்கல. அது பேசிருச்சுன்னா எம்புள்ள செத்துருவான். பேசாத வரைக்கும் திருப்பூர்ல இருக்கான்."

வந்த ஆத்திரத்தில் லாடத்தை வீசக் கை ஓங்கினார். பாத்திரத்தில் மூன்று பேருக்கான அரிசி இருந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் டியூபைத் தூக்கிக்கொண்டு குவாரிக்குப் போனார். லாடம் உறைக்குள்ளேயே இருந்தது. இந்தத் தடவை தையல் அவர் போட்டது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.