சின்னத்தங்கம் பிடுங்கிய நாற்று

சின்னத்தங்கம் நாற்றுப் பிடுங்கினால் வேர் அறாது என்று படுவான்கரையில் சொல்வார்கள். புருசனைப் பாம்பு கடித்த வருசம் தொடங்கி முப்பத்தொரு மாரியாக, தன் இரண்டு ஏக்கரையும் அவள் தனியாகத்தான் செய்கிறாள்.

இந்தக் கார்த்திகை வெள்ளம் அவள் வயல் இருக்கும் வட்டைக்குள், அந்த வயல்வெளி முழுக்க, ஒன்பது நாள் நின்றது. நாற்பது பேருடைய வயலும் ஒரே தண்ணீராய்க் கிடந்தது. வற்றியபோது பயிர் கறுத்துச் சேற்றோடு சேறாகப் படுத்திருந்தது.

அரசாங்கம் நிவாரணம் தரப்போகிறது என்றார் வினாயகமூர்த்தி. அவர் வட்டை விதானை. தண்ணீர் பங்கிடுவதும் அரசாங்கக் கந்தோர்களில் வட்டைக்காகப் பேசுவதும் அவர் வேலை. "உத்தியோகத்தர் நேர வந்து அழிவைப் பாக்கோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் வயலுக்க கை வைக்கப்படாது."

பத்து நாளாக யாரும் வரவில்லை. வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்க சின்னத்தங்கத்தால் முடியவில்லை. மேட்டு மூலையில் தப்பி நின்ற பயிரைப் பிடுங்கி, றோட்டோரமாக ஒரு துண்டு நட்டாள். அடுத்த கிழமை அது பச்சை பிடித்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வயல் கஜானி ஓடிவந்தாள்.

"அக்கோவ், இண்டைக்கு மத்தியானம் உத்தியோகத்தர் வாறாராம். அடுத்த வட்டையில பதினொரு பேரை நிவாரணப் பட்டியல்ல இருந்து வெட்டிப்போட்டாராம். றோட்டுல நிண்டு பாக்கிறதுதானாம். பச்சை தெரிஞ்சா, பயிர் இரிக்கு எண்டு எழுதிட்டுப் போயிடுவாராம்."

"என்ர வயல் முழுக்க அழிவுதானேகா. உள்ளுக்கு வந்து பாக்கட்டும்."

"வருவார், வருவார். நீங்க அவர்ர சப்பாத்தைத் தலையில சுமந்தா வருவார்."

சின்னத்தங்கம் சிரிக்கவில்லை. அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதைநெல். வராவிட்டால் வயல் தரிசு. தரிசுக் காணியை மடக்கிப்போட உழவு மெசின்காரர் இரண்டு பேர் இப்போதே கண் வைத்திருந்தார்கள்.

மேற்கே வானம் கறுத்தது. காற்று நின்றுவிட்டது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, நட்டதையெல்லாம் பிடுங்கினாள்.

"மிதிச்சுத் தாட்டுப்போடுங்க அக்கா," என்றாள் கஜானி.

அதற்கு மனம் வரவில்லை. உயிருள்ள நாற்றை எறிந்து பழகாத கை, தன்பாட்டில் வேரை அலசி, சிறு சிறு கட்டாக முடி கட்டியது. பதினாறு முடி. வாய்க்காலில் உயர்ந்து நின்ற பன்புல்லுக்குப் பின்னால், வேர் நனைய நிறுத்திவைத்தாள். ஆள் போனதும் திரும்ப நடலாம்.

மத்தியானம் மோட்டார்சைக்கிளில் வந்த உத்தியோகத்தர் நிஸ்தார் என்ற ஏறாவூர் இளைஞர். அவர் றோட்டில் நிற்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்து, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். விதானையாரும் மற்ற வயல்காரரும் வரம்பில் நின்றார்கள்.

இரண்டு ஏக்கரையும் சுற்றி நடந்துவிட்டு, "முழு அழிவுதான் விதானையார்," என்றார். பிறகு கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார்.

போனவர் குந்தியபடியே இருந்தார். எழும்பியபோது அவர் கையில் ஒரு முடி. வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ஆர்ர நாத்து இது?"

கஜானி வரம்பில் இரண்டு அடி பின்னுக்குப் போனாள்.

"நல்லாக் கட்டியிரிக்கி. எங்கட உம்மாவும் இப்படித்தான் கட்டுவா." நிஸ்தார் றோட்டோரத்துக்கு நடந்துபோய்க் குனிந்தார். சேற்றில் வரிசை வரிசையாகப் புதுக்குழிகள். போனை எடுத்துக் குழியைப் படம் பிடித்தார். முடியைப் படம் பிடித்தார்.

"சேர், முழுக்க அழிஞ்சதுதான் சேர். இந்தத் துண்டு மட்டும்தான் நான்..." என்று தொடங்கினாள் சின்னத்தங்கம்.

"பாத்தன் அம்மா." குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர் வினாயகமூர்த்தியிடம் கை நீட்டினார். "முழு அழிவு எண்டு நீங்க கையெழுத்து வெச்ச பெயர்ப்பட்டியலத் தாங்க. இப்படி வேற ஆர் ஆர் பிடுங்கி ஒளிச்சிரிக்காங்களோ தெரியா, இனி நாப்பது வயலையும் முதல்ல இருந்து பாக்கணும். மேல எழுதிக் கேக்கணும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

விதானையார் சட்டைப் பையிலிருந்து, பொலித்தீனில் சுற்றிய தாளை எடுத்துக் கொடுத்தார்.

மோட்டார்சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. வரம்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். கடைசியாகத் திரும்பியவள் கஜானி.