மிச்ச ஊசி

அவளுக்கு சாம்பிள் அக்கா என்று பட்டம் வைத்தது சிஸ்டர்தான். பட்டம் வைப்பதில் சிஸ்டருக்கு இருந்த கைராசி ஊசி போடுவதில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். டாக்டரம்மாவுக்கு அவர் வைத்த பட்டத்தை வெளியே சொல்ல முடியாது. சாம்பிள் அக்காவுக்குத் தன் பட்டத்தில் வருத்தம் இல்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, சில வருஷங்கள்.

தோலுக்கும் முகத்துக்கும் வைத்தியம் செய்யும் அந்தக் கிளினிக்கில் அவள் ரிசப்ஷனிஸ்ட். கன்னத்திலும் உதட்டிலும் ஜெல் நிரப்பிக்கொள்ள வருகிறவர்களுக்குப் பயம் ஊசியைப் பற்றியதல்ல. ஊதிப்போன முகத்தோடு சொந்தக்காரர்கள் முன்னால் போய் நிற்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான். "பார்த்தா தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்று எல்லோரும் கேட்பார்கள். டாக்டரம்மா அதற்கு வாயால் பதில் சொல்லமாட்டார். அறைக் கதவைத் திறந்துவிடுவார்.

"வெளியே கவுன்டர்ல இருக்காங்களே, அவங்களுக்கு நான் போட்டிருக்கேன். எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க, மீதியை அப்புறம் பேசுவோம்."

வருகிறவர்கள் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள். அவளும் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவாள், சிரிப்பாள், நாலு வார்த்தை பேசுவாள். மூக்கா, உதடா, தாடையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுப்பாள். கடைசியில், "போங்க, உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலை, சும்மா சொல்றீங்க" என்று தோற்றுப்போய் உள்ளே திரும்புவார்கள். அப்படித் திரும்பியவர்களில் அநேகம் பேர் அன்றைக்கே நாள் குறித்துவிடுவார்கள். கிளினிக்கின் பெயர் ஊரில் பரவியதில் அவளுடைய முகத்துக்குப் பாதிப் பங்கு உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

அந்த முகத்துக்கு டாக்டரம்மா செய்தது கண்ணுக்குக் கீழே மட்டும்தான். கிளினிக்கில் சேர்வதற்கு முன் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். பிறவியிலேயே அவள் கண்ணடியில் பள்ளம். பிரேம் வாங்க வந்தவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்பதற்கு முன்னால், "உடம்பு முடியலையாம்மா?" என்று அவளைக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் துக்கம் விசாரித்தால் யாருக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கும்? கிளினிக்கில் சேர்ந்து ஒரு வருஷம் எல்லாவற்றையும் கவனித்துப் பார்த்த பிறகு, தயங்கித் தயங்கி அவளாகவேதான் கேட்டாள்.

டாக்டரம்மா அதை அவசரமில்லாமல் செய்தார். முதலில் சொட்டுப்போலக் கொஞ்சம். வீக்கம் வடியட்டும் என்று இரண்டு வாரம் விட்டார். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் போய் வாசல்படியில் நின்றுகொண்டார். "ஏதாவது பேசு. உன் வீட்டுக்காரரைப் பத்தித் திட்டு" என்றார். அவள் திட்டினாள், நடுவில் சிரித்தாள். டாக்டரம்மா அங்கேயே நின்று பார்த்துவிட்டு, "இடது பக்கம் இன்னும் ஒரு சொட்டு. அதுக்கு மேல தொடக் கூடாது" என்றார்.

"முகத்தைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பார்க்கக் கூடாது. ஜனங்க தள்ளி நின்னுதான் பார்ப்பாங்க. அசையும்போதுதான் பார்ப்பாங்க. நாமும் அப்படித்தான் பார்க்கணும்." இந்த வார்த்தைகளை அவள் பின்னாளில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒப்பித்திருக்கிறாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவன் அன்றைக்கு வீட்டில் அவளை ஏற இறங்கப் பார்த்து, "என்ன, லீவு போட்டுத் தூங்கினியா?" என்று கேட்டான். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம்.

ஜெல் சிறிய ஊசிக் குழலில் வரும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு குழல் முழுசாகத் தேவைப்படாது. மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. டாக்டரம்மா தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனம் பொறுக்காதவர். ஒருநாள் கடை கட்டும் நேரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளை உள்ளே கூப்பிட்டார்.

"வா, இப்படி உட்காரு. வீணாப் போகுது."

சிஸ்டர் குறுக்கே பேசினார். "ஒருத்தருக்குத் திறந்ததை இன்னொருத்தருக்குப் போடக் கூடாது மேடம்."

"ஊசி முனையை மாத்திட்டேன்ல? நீ தட்டைப் பிடி."

தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கன்னத்தைக் காட்டினாள். அன்று ஆரம்பித்தது. இரண்டு வாரக் கெடு, வாசல்படியில் நின்று பார்ப்பது எல்லாம் பணம் கட்டி வருகிறவர்களுக்கு. மிச்சத்துக்கு அதெல்லாம் எதற்கு? காண்ட்ராக்டர் மனைவியின் கன்னத்தில் மிஞ்சியது இவள் கன்னத்துக்கு வந்தது. கச்சேரி பாடுகிற அம்மாவின் உதட்டில் மிஞ்சியது இவள் உதட்டுக்கு வந்தது. ஊரின் பாதிப் பெரிய வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்துக்குக் குடிவந்தன.

அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போனதா என்றால், அதுவும் இல்லை. கிளம்பவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் கன்னம் மெத்தென்று இருக்கும். கூந்தலை வாரும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பெரிய மனுஷிகள் தவமிருந்து வாங்கிப்போவது தனக்கு ஓசியில் கிடைக்கிறதே என்ற சந்தோஷம், புளிக்கவே இல்லை.

தினமும் பார்க்கிறவர்கள் நேற்றைய முகத்தோடுதான் இன்றைய முகத்தை ஒத்துப்பார்ப்பார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம். டாக்டரம்மாவின் கண்ணும் அப்படியே பழகிப்போனது. கணவன் மட்டும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"நீ கோவமா இருக்கியா, சந்தோஷமா இருக்கியான்னு இப்பல்லாம் தெரியவே மாட்டேங்குது. ஒரு வகையில நிம்மதிதான்."

அவள் சிரித்தாள். சிரித்தால் கன்னம் மேலே ஏறிக் கண்ணை மூடிவிடும். ஆகவே, அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

கண்டுபிடிக்கச் சொல்லி ஆள் அனுப்புவது மெல்ல மெல்ல நின்றுபோனது. டாக்டரம்மாவுக்கு வேலை அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்தார். பணி ஓய்வுக்கு முன்னால் கொஞ்சம் களைப்பு தெரியாமல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு வந்த அம்மாள். காத்திருக்கும் நேரமெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு இதை எந்த இடத்துல பண்ணாங்க? தெரியாம நானும் அங்கே போய் மாட்டிக்கக் கூடாதேன்னு கேக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. ஃபைல் எடுக்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அது வேற எங்கேயோ போய்ப் பண்ணிட்டு வந்தது. சொன்னா கேக்கறாங்களா? இப்போ நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ணிக்கிட்டிருக்கோம்."

தலைமையாசிரியை அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "பாவம்" என்றார். பிறகு நிம்மதியாக டாக்டரம்மாவின் பின்னால் உள்ளே போனார்.

அவள் சாப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவைத் தட்டிவிட்டு, தள்ளி நின்று, வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் அதனிடம் சொன்னாள். பிறகு எடுத்துப் பார்த்தாள். பேசியது வாய் மட்டும்தான். அதற்கு மேலே, ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல இரண்டு சின்னக் கண்கள். எத்தனையோ பேருக்கு, தெரியாது, தெரியவே தெரியாது என்று அவள் சத்தியம் செய்திருந்தாள். இது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

"கரைச்சு விட்டுடுங்க மேடம்" என்று அன்றைக்கே கேட்டாள். அந்த ஜெல்லைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அதே அறையில், அதே அலமாரியில் இருக்கிறது.

"கரைச்சுடலாம். அதுக்கென்ன அவசரம்?"

அவசரம் யாருக்கும் இல்லை, அவளைத் தவிர. வாய் தவறிச் சொன்ன பொய் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டரம்மா கண்டுகொண்டார். மறுபடியும் கதவு திறந்தது. "கவுன்டர்ல இருக்காங்களே, வேற இடத்துல போய் மாட்டிக்கிட்டவங்க. அளவு தெரியாத கை பட்டா எப்படி ஆகும்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க." வந்து பார்த்தார்கள். உச்சுக்கொட்டினார்கள். உள்ளே போய் நாள் குறித்தார்கள். எங்கே போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வதற்கு இப்போது புதிதாக ஒரு பெண், அவள் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியில். சிறிசு, அழகான கன்னம்.

"முன்னே ஒரு பொம்மை, இப்போ ரெண்டு" என்றார் சிஸ்டர். "நீ ஏன்டி வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"வாயைத் திறந்தா என்ன சொல்லணும்னு தெரியல சிஸ்டர்."

எங்கே பண்ணினார்கள் என்று கேட்டவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டாள். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று தடையாக வந்தது. ஒருநாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"வா, வா. இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். இடது பக்கம் மட்டும்."

"வலது பக்கம் மேடம்?"

"அது ஒரு மூணு மாசம் இருக்கட்டும். வித்தியாசம் தெரிய வேண்டாமா? நீ சும்மா கவுன்டர்ல உட்கார்ந்தா போதும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை."

"இந்த மூஞ்சியோட நான் வீட்டுக்குப் போகணுமே மேடம்."

"இப்பவும் அதோடதானே போறே?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல யோசனை ஒன்று தோன்றிவிட்ட சந்தோஷத்தில் சொன்னது. சிஸ்டர் தட்டைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றாள். குரல் நடுங்கியது. முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிச் சிஸ்டரின் தட்டில், மருந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஊரின் மறுகோடியில், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு சின்ன கிளினிக். டாக்டர் இளைஞர், நிதானமானவர். கட்டைவிரலால் அவள் கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். உதட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எங்கேம்மா பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். டாக்டரம்மா பெயர், தெரு, மாடி எல்லாம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே பாருங்கம்மா. யார் மேலயாவது பழி போடணும்னு இப்படிச் சொல்லாதீங்க. அவங்க வேலையை எனக்குத் தெரியும். நான் படிக்கிறப்போ அங்கே போய்ப் பார்த்திருக்கேன். முன்னாடி ரிசப்ஷன்ல ஒரு அம்மா இருப்பாங்க. அவங்களுக்கு எங்கே போட்டிருக்குன்னு அரை மணி நேரம் பார்த்தும் என்னால கண்டுபிடிக்க முடியலை. அந்த முகத்தைப் பண்ணின கை இதைப் பண்ணாது."

"அது நான்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்தவர். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவளுக்காகக் கூச்சப்பட்டவர்போல மேஜையைப் பார்த்தார்.

"எல்லா ஜெல்லும் கரையாதும்மா. எதை, எங்கே போட்டாங்கன்னு உண்மை தெரியாம நான் கை வைக்க மாட்டேன். உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

 வெளியே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. இவர் அனுப்பிவிட்டால் அடுத்து இன்னொரு டாக்டர், அவருக்கும் அந்தக் கவுன்டர் தெரிந்திருக்கும். அது தெரியாதவர்கள் யாரும் இல்லாதபடி இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டது அவள்தானே.

"பார்லர்லதான் பண்ணிக்கிட்டேன் டாக்டர்" என்றாள். "கரையற வகைதான்னு சொல்லித்தான் போட்டாங்க."

அவர் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். இன்றைக்கு ஓரமாக ஓர் இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கலாம், ஒத்துக்கொண்டு கரைந்தால் அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்றார். இழுபட்ட தோல் பழையபடி ஒட்டாது, தொங்கத்தான் செய்யும், வயது கூடித் தெரியும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"எந்தப் பார்லர்? கேக்கறவங்களுக்கு அங்கே போகாதீங்கன்னு சொல்லலாம்."

"இப்போ மூடிட்டாங்க டாக்டர்."

"நல்லதாப் போச்சு" என்றபடி அவர் மருந்தை ஊசியில் ஏற்றினார். "இன்னும் எத்தனை முகத்தைக் கெடுத்திருப்பாங்களோ. கொஞ்சம் எரியும், அசையாம இருங்க."