மைனஸ் நாற்பது காட்டிய கோழிப்பண்ணை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பல் துலக்கிய கையோடு, நான் தக்காளிச் செடிகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. முந்தின நாள் முழுக்க அவற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

எனக்குத் தொழில் விசைத்தறிகளின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பது. பைத்தியம் வேறு: சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகளை நானே வடிவமைத்து, செய்து பார்த்து, அதன் வரைபடம், புரோகிராம், சாமான் பட்டியல் அத்தனையையும் இணையத்தில் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம், காசு கிடையாது. தமிழிலேயே விளக்கமும் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம், இல்லை, நிறையவே கர்வம் உண்டு.

மாடிச் செடிகளுக்காகச் செய்த பெட்டிதான் இதில் பெரிய வெற்றி. வெயில் ஏறினால் சென்சார் பார்த்துச் சொல்லும், உடனே மோட்டார் ஓடி, குழாய் மூக்குகளிலிருந்து புகை மாதிரி தண்ணீர் தெளிக்கும். அதன் இணையப் பக்கத்தில் கடைசி வரியாக, ‘கோழிப்பண்ணைகளுக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தேன். ஒரு கோழியை வைத்தும் சோதித்ததில்லை. நாமக்கல் ஜில்லாக்காரன் எழுதினால் கோழி இல்லாமல் எப்படி என்று ஒரு வேகத்தில் எழுதியது.

அன்று காலை பெட்டியைப் பார்த்தேன். மைனஸ் நாற்பது டிகிரி என்று காட்டியது. சென்சார் ஒயரை அணில் கடித்துத் துண்டாக்கியிருந்தது. ஒயர் அறுந்ததும் பெட்டி ‘ஐயோ, குளிர்’ என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிட்டது. வெயில் கொளுத்தக் கொளுத்த அது சும்மா உட்கார்ந்திருக்கிறது! அட, இதை எப்படி யோசிக்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

இந்த மைனஸ் நாற்பதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒருவர் என் பக்கத்தில் குறை எழுதியிருந்தார். பெயர் இல்லை, எழுத்தும் எண்ணுமாய் ஏதோ ஒன்று. ‘கோழிப்பண்ணையில் வைத்திருக்கிறேன். மைனஸ் நாற்பது காட்டி மோட்டார் நின்றுவிட்டது. பார்த்துச் சொல்லவும்’ என்று எழுதி ஒரு படமும் போட்டிருந்தார். நான் படித்துச் சிரித்தேன். ‘மைனஸ் நாற்பதா? உங்கள் பண்ணை காஷ்மீரில் இருக்கிறதா? முதலில் உங்கள் ஒயரிங்கைச் சரி பாருங்கள்’ என்று பதில் தட்டி, ஒரு சிரிப்பு பொம்மையும் வைத்து, குறையை ‘முடிந்தது’ என்று மூடிவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மாடியிலேயே செல்போனை எடுத்து, அந்தக் குறைக்குக் கீழே ‘பெட்டியை நம்ப வேண்டாம், தப்பு என்னுடையது’ என்று எழுதினேன். காத்திருந்தேன். பதில் இல்லை. இட்லி இறங்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் செல்போனைப் பார்த்தேன். மணி எட்டரைக்கே மாடித் தரை காலைச் சுட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒரு தகரக் கொட்டகைக்குள் எப்படி இருக்கும்?

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் கம்பி வலை, அதற்குப் பின்னால் கொல்லிமலை. மலை நின்ற தோரணையைப் பார்த்தால் எருமப்பட்டிப் பக்கம்தான். லேப்டாப்பைப் பையில் திணித்தேன்.

"தக்காளிச் செடிக்கா இந்தப் பாடு?" என்றாள் மனைவி.

"செடிக்கு இல்ல, கோழிக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். அவள் என்ன நினைத்தாளோ தெரியாது.

நேராக எருமப்பட்டிக்குப் போனால் எந்தப் பண்ணை என்று தேடுவது? கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பண்ணை மேல்தான் விழும். ஆனால் இந்தச் சென்சார் எல்லாக் கடையிலும் கிடைக்காது. நாமக்கல்லில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கடை. ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டரைத் திறந்து வைத்திருந்த கடைக்காரரிடம், எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைக்கு இந்தச் சென்சாரை வாங்கியது யார் என்று விசாரித்தேன்.

"ஓ, அந்த அம்மிணியா!" என்றார் அவர் உடனே. "மூணு தடவ வந்து அதே சென்சாரு, அதே ஒயரு வாங்கிட்டுப் போச்சுங்க. நல்லாத்தான இருக்குது, எதுக்கு மாத்தறேன்னு கேட்டா, ‘இல்லீங்கண்ணா, என்ற ஒயரிங்தான் தப்பாமா, செஞ்சவரே சொல்லிப்போட்டாரு’ங்குது. நேத்துக்கூட வந்துச்சு. இன்னைக்குக் கெங்கவல்லில ஏதோ காதுகுத்தாமா. பொட்டிய நம்பி உட்டுப்போட்டு எல்லாரும் போறோம்னு சொல்லுச்சு."

செஞ்சவரே சொல்லிப்போட்டாரு! வழி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பதினைந்து கிலோமீட்டர் ரோட்டை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். முட்டை வேன்களும் தீவன லாரிகளும் என்னைத் திட்டிக்கொண்டே போயின. புது ஒயர்தானே, இன்றைக்கே அறுந்துவிடாது என்று ஒரு மனசு சொல்லும். எலி இல்லாத கோழிப்பண்ணை எங்கே இருக்கிறது என்று இன்னொரு மனசு கேட்கும். முறுக்க முறுக்க வண்டி நகராத மாதிரியே இருந்தது.

பண்ணை கேட்டுக்கு நான் போய்ச் சேரவும் உள்ளேயிருந்து ஒரு கார் வெளியே வரவும் சரியாக இருந்தது. வண்டியைக் குறுக்கே போட்டு, "நில்லுங்க, நில்லுங்க!" என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

முன் சீட்டிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். "யாருங்க தம்பி நீங்க? விசேசத்துக்குக் கெளம்பறப்ப வழிய மறிச்சுக்கிட்டு?"

மூச்சு வாங்க நான் ஏதோ உளறினேன். பெட்டி, ஒயர், அணில், மைனஸ் நாற்பது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பின் சீட்டில் பட்டுப்புடவையில் இருந்த பெண் கதவைத் திறந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காஷ்மீருக்கு வழி தெரிஞ்சிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அவர் அந்த வீட்டு மருமகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். பெரியவர் அவருடைய மாமனார். எலி ஒயரைக் கடித்து மோட்டார் நின்ற மதியம் எண்பது கோழிகள் செத்துப்போயின என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு எழுதியதில் அதை அவர் சொல்லவே இல்லை. என் பதில் வந்ததும், தன் கைதான் சரியில்லை என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

"ஒயரு அறுந்து கெடந்தத என்ற கண்ணால பாத்தேனுங்க. இருந்தாலும் செஞ்சவருக்குத் தெரியாதான்னு நெனச்சு, ஈயம் வெச்ச எடத்தையெல்லாம் பிரிச்சு மறுபடி பத்த வெச்சேன். மூணு தடவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாமா அன்னையிலிருந்து எங்கிட்ட சரியாப் பேசறதே இல்லீங்க. தெனமும் மத்தியானம் அவரே வந்து மோட்டார் சுச்சுக்கிட்டயே உக்காந்துக்கறாரு. இன்னைக்குத்தான் பொட்டிய நம்பி வாங்கன்னு கெஞ்சிக் கெளப்புனேன்."

நான் கொட்டகையைப் பார்த்து ஓடினேன். "காலு! காலு!" என்று பெரியவர் கத்தினார். வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியை அவசரத்தில் தாண்டியிருக்கிறேன். வெளியே இருந்து நோய் வந்துவிடக் கூடாது என்று எல்லாரும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பி வந்து நனைத்தேன். போதாதென்று வெளியாள் என்ற முறையில் கையையும் கழுவச் சொன்னார். கழுவினேன்.

உள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள். குழாய் மூக்குகளிலிருந்து தண்ணீர் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. கோழிகள் நிம்மதியாக இருந்தன. தூணில் என்னுடைய பெட்டி. ஈயம் வைத்த இடங்களைப் பார்த்தேன், அச்சில் வார்த்த மாதிரி அத்தனை சுத்தம். என் வேலை அதில் பாதிகூட இருக்காது.

"பாருங்க பெரியவரே" என்று சொல்லி, நல்ல ஒயரை நானே பிடுங்கினேன்.

மைனஸ் நாற்பது. மோட்டார் நின்றது. தண்ணீர்ப் புகை கலைந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கோழிகள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன.

"தப்பு உங்க மருமக மேல இல்லீங்க. என் மேலதான். அவங்க எழுதினத ஒழுங்காப் படிக்காம, கேலி பண்ணிப் பதில் போட்டுட்டேன்" என்றேன்.

பெரியவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப, புள்ள பத்த வெச்சது செரியாத்தான் இருந்துச்சா?"

"மூணு தடவையும் சரியாத்தாங்க இருந்துச்சு."

ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டும், அது இது என்று நான் பெரிதாகக் குழப்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குறுக்கிட்டார். "நம்மூர்ல மார்கழில கூடப் பத்து டிகிரிக்குக் கீழ போவாதுங்களே. பத்துக்குக் கீழ காட்டுனா ஒயரு போச்சுன்னு எடுத்துக்கிட்டு மோட்டார ஓட்டிரலாங்களா?"

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. பட்டுப்புடவையோடு தீவன மூட்டை மேல் உட்கார்ந்து அவரே அதைத் தட்டினார். பெட்டியில் ஏற்றினோம். ஒயரைப் பிடுங்கினேன். மைனஸ் நாற்பது காட்டியது, ஆனால் மோட்டார் ஓடியது.

"தள்ளுங்க, நானே புடுங்கிப் பாக்கறேன்" என்றார் பெரியவர். செருகினார், பிடுங்கினார். செருகினார், பிடுங்கினார். நாலு தடவை. தண்ணீர் நிற்கவே இல்லை. காது குத்தும் நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவர் அசையவில்லை. ஐந்தாவது தடவை ஒயரைச் செருகிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வா சாமி, நேரமாச்சு. ஏறு" என்றார் மருமகளிடம்.

அந்தப் பெண் சட்டென்று திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்பது தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்க் காரில் ஏறினார். நன்றி சொல்லாதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது, சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். பெரியவர்தான் போகிற போக்கில், "தம்பி, மோர் குடிச்சுப்போட்டுப் போங்க, சொம்புல இருக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் குறையைத் திரும்பத் திறந்தேன். நான் எழுதிய கேலியை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே நடந்தது முழுவதையும் எழுதி, தப்பு என்னுடையது, திருத்தியது அவர் என்று போட்டேன். ‘கோழிப்பண்ணைகளுக்கும் ஏற்றது’ என்ற வரியை எடுத்துவிட்டேன். மறு கோடையில், அவர் தன் கொட்டகையில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது திரும்ப ஏறியது.

ஆனால் இணையத்தில் போட்ட பொருளைத் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பழைய வரைபடத்தை இன்னும் யார் யார் எடுத்துச் செய்து, எந்தத் தூணில் மாட்டி வைத்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. கத்திரி வெயில் மதியங்களில் சோறு வைத்து உட்கார்ந்தால், இரைக்கும் கோழிகளின் சத்தம் காதில் கேட்டு எழுந்து போய்ச் செல்போனைப் பார்க்கிறேன். யாராவது குறை எழுதியிருந்தால், பதிலுக்கு ஒரு எழுத்துத் தட்டுவதற்கு முன்னால் என் பெட்டியின் ஒயரை நானே பிடுங்கிப் பார்க்கிறேன். எண்பது கோழிகளும் ஒரு பெண்ணின் மூன்று வார மௌனமும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன இந்தப் பதற்றம், என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.