மீசை எடுத்த ரோமானிய வீரர்

அபுதாபி மால் ஒன்றில், ரோமானியர் வாழ்க்கை பற்றிய கண்காட்சி வாசலில், ஒருவர் ரோமானியப் பட்டாளத்து வீரர் வேடத்தில் நின்றார். சிவப்புக் குஞ்சம் வைத்த தலைக்கவசம், கையில் ஈட்டி. வேடத்துக்காக மீசை எடுத்த இடம் வெளிறித் தெரிந்தது. பேசும்போதும் முகத்தை அசைக்கவில்லை.

"நம்ம ஊரா சார்?" என்றார்.

"ஆமாண்ணே. லேபர் கேம்ப்லயா இருக்கீங்க?"

"ரூமுக்கு எட்டுப் பேரு. உள்ள எழுதிப் போட்டுருக்காக பாருங்க, அந்தப் பட்டாளத்துலயும் கூடாரத்துக்கு எட்டுப் பேருதானாம். இருபத்தஞ்சு வருசம் டூட்டி பாத்தா நிலம் குடுத்து அனுப்புவாகளாம். எனக்கு இங்க, விசா குடுத்த முதலாளி, அதான் கஃபீல்கிட்ட, இருபத்தாறு ஓடுது."

ஈட்டியை நிமிர்த்திக்கொண்டார்.

"அவுகளுக்கு வாய்ச்ச கஃபீல் நல்லவரு சார்."

அவரோடு எடுத்த போட்டோவை அவ்வப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.